மனுவில் ஒரு வரிதான் எழுதலாம்: மனநலத்துக்கான அரசுப் பணத்தை எதற்குக் கேட்பது?

எங்கள் குழுவில் முப்பத்துச் சொச்சம் குடும்பங்கள். எல்லார் வீட்டிலும் ஒருவருக்கு மனநோய், இரண்டு வீட்டில் இரண்டு பேருக்கு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவோம், யாருக்கு என்ன மாத்திரை மாறியது, யார் வீட்டில் இந்த மாதம் என்ன உடைந்தது என்று பேசிவிட்டுக் கலைவோம். இந்தமுறை பட்ஜெட்டுக்கு முன்னால் எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கலாம் என்று முடிவானது. அவர் அலுவலகத்தில் மனு வாங்கி வைக்கிறவர் அனுபவசாலி போல. "ஒரே ஒரு கோரிக்கையா எழுதிட்டு வாங்க சார், பத்து எழுதினா பத்துமே ஃபைலுக்குள்ள போயிரும்" என்றார். அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை.

ஒருத்தர் பெங்களூரில் இருக்கும் மத்திய அரசு மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ் மாதிரி நம் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரி கேட்கச் சொல்கிறார். இன்னொருவருக்கு, மாவட்ட ஆஸ்பத்திரியிலேயே மனநல வைத்தியம் தருகிற மாவட்ட மனநலத் திட்டத்தைப் பலப்படுத்தினால் போதும். காலேஜில் படிக்கிற மகனை வைத்திருக்கும் ஒரு அக்கா, போனில் கூப்பிட்டால் பேசுகிற சேவைக்கு ஆள் கூட்டச் சொல்கிறார். ஐ.டி.யில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இன்சூரன்ஸ் என்கிறார். எழுபது வயது தாண்டிய அம்மா ஒருவர் மட்டும் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் ஒன்று கேட்டார். அதை அப்புறம் சொல்கிறேன்.

ஆளுக்கொரு கட்சியாக நிற்பதால், எனக்குத் தெரிந்ததை வைத்து இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. என் அக்காவுக்கு ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோய், பதினாறு வருடமாக மாத்திரை வாங்கப் போய்வருகிறேன், அவ்வளவுதான் தகுதி.

முதலில் பணம் இப்போது எங்கே கிடக்கிறது என்று பார்க்கவேண்டும். 2024-25 மத்திய பட்ஜெட்டில் சுகாதார அமைச்சகத்துக்கு ஒதுக்கியது கிட்டத்தட்ட 91,000 கோடி ரூபாய். அதில் மனநலம் என்று பெயர் போட்டுத் தனியாக வந்தது சுமார் 1,004 கோடி, அதாவது நூற்றுக்கு ஒன்று. அந்த ஒன்றும் நாடு முழுக்கப் பரவியது என்று நினைத்துவிடாதீர்கள். 850 கோடி பெங்களூர் நிம்ஹான்ஸுக்கு, 64 கோடி அஸ்ஸாம் தேஜ்பூரில் இருக்கும் மனநல நிறுவனத்துக்கு, 90 கோடி டெலி-மானஸ் என்கிற தொலைபேசிச் சேவைக்கு. மாவட்ட மனநலத் திட்டத்துக்கான பணம் இந்தக் கணக்கில் தனி வரியாகவே தெரியாது, அது தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் பெரிய பைக்குள், சர்க்கரை நோய், புற்றுநோய் எல்லாவற்றோடும் சேர்ந்து கிடக்கிறது. மாநில அரசு போடும் பங்கும் அதோடு சேரும்.

அந்த மாவட்டத் திட்டத்துக்கு ஒரு மாவட்டத்துக்கு வருடத்துக்கு அதிகபட்சம் 83.2 லட்சம் ரூபாய் வரை கொடுக்கலாம் என்பது விதி. நாட்டில் 767 மாவட்டங்களில் திட்டம் இருக்கிறது. உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தேன்: எல்லா மாவட்டத்துக்கும் அந்த உச்சவரம்பை அப்படியே முழுசாகக் கொடுத்தாலும் 640 கோடிக்குள் வருகிறது. ஒரே ஒரு நிறுவனத்துக்குப் போகும் 850 கோடியைவிடக் குறைவு. நிம்ஹான்ஸ் நரம்பியல் ஆஸ்பத்திரியும்கூட, ஆராய்ச்சி செய்கிறது, நாட்டுக்கே டாக்டர்களை உருவாக்கித் தருகிறது, அதைக் குறைக்கவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் இருபது லட்சம் பேர் வாழும் ஒரு மாவட்டத்துக்கு 83.2 லட்சம் என்றால் தலைக்கு வருடத்துக்கு நாலு ரூபாய் சொச்சம். எங்கள் கூட்டத்தில் குடிக்கிற டீ பன்னிரண்டு ரூபாய்.

இன்னொரு விஷயத்தையும் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பட்ஜெட் அன்று டி.வி.யில் சொல்லும் எண் ஒன்று, வருடக் கடைசியில் திருத்திய மதிப்பீட்டில் வருகிற எண் வேறு. டெலி-மானஸுக்கு 2023-24இல் அறிவித்தது 134 கோடி, திருத்தியபோது 65 கோடி. தேசிய மனநலத் திட்டத்தில் பெரிய நிறுவனங்களுக்கான உயர்நிலைப் பிரிவுக்கு 2019-20இல் அறிவித்தது 40 கோடி, திருத்தியபோது 5 கோடி. செலவழிக்க ஆள் இல்லை, கட்டடம் முடியவில்லை, மாநிலம் கணக்கு அனுப்பவில்லை என்று காரணங்கள் இருக்கும். அறிவிப்பைக் கேட்டுக் கைதட்டியவர் யாரும் திருத்திய எண்ணைப் போய்ப் பார்ப்பதில்லை. அதனால் நாங்கள் எதைக் கேட்டாலும் "அறிவியுங்கள்" என்று கேட்கக்கூடாது என்பதில் மட்டும் குழுவில் எல்லாருக்கும் ஒரே கருத்து.

சரி, ஒவ்வொன்றாக வருகிறேன்.

பெரிய ஆஸ்பத்திரி. இதைக் கேட்கிறவர்களைக் கிண்டல் செய்ய முடியாது. வீட்டில் ஒருவர் நாலு நாளாகத் தூங்காமல் கத்திக்கொண்டிருக்கும்போது, அடைத்து வைக்காமல் படுக்கவைத்து வைத்தியம் பார்க்க ஓர் இடம் வேண்டும். தமிழ்நாட்டுக்கு அப்படி இருப்பது சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம். 1794இல் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் தொடங்கி, 1871இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. அனுமதிக்கப்பட்ட படுக்கைகள் 1,800. நாட்டிலேயே பெரியவற்றில் ஒன்று. அங்கே 1961 முதல் 1978 வரை தலைமை வகித்தவர் டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். ஓய்வுபெற்ற பிறகு 1984இல், ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்களுக்காக வேலை செய்யும் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். பெரிய ஆஸ்பத்திரியை உள்ளேயிருந்து பார்த்த அவரே பிற்பாடு வெளியில், சமூகத்துக்குள் போய் வேலை செய்ததை நான் ஒரு சாட்சியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியின் சிக்கல் தூரம் மட்டும் இல்லை. உள்ளே போனவர் வெளியே வரமாட்டார் என்பதுதான் பெரிய சிக்கல். குணமானவர்களையும் குடும்பம் கூட்டிப்போவதில்லை, முகவரி பொய்யாக இருக்கும், வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருப்பார்கள். குணமானவர்கள் ஆஸ்பத்திரியிலேயே கிடப்பதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2017இல் கௌரவ் குமார் பன்சால் வழக்கில் மாநிலங்களிடம் கேள்வி கேட்டு, மறுவாழ்வுக்கு வழி செய்யச் சொன்னது. 2023 ஜனவரியில் தேசிய மனித உரிமை ஆணையம் நாட்டின் அரசு மனநல நிறுவனங்களின் நிலைமை மிக மோசம், மனிதத்தன்மையற்றது என்றே சொன்னது. ஆக, இருக்கிற 47 அரசு மனநல மருத்துவமனைகளைச் சரிசெய்வதற்கே பணம் வேண்டியிருக்கும்போது 48ஆவதைக் கேட்பது எனக்கு ஒப்பவில்லை.

ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக் கட்சிக்கு ஒரு வாதம் இருக்கிறது, அதை அவர்களே சரியாகச் சொல்வதில்லை. மனநல டாக்டர் எங்கேயிருந்து வருவார்? நம் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்தான், குறைந்தது மூன்று பேராவது வேண்டும். படிக்க இடம் இல்லாவிட்டால் மாவட்டத்தில் பதவி உருவாக்கியும் நாற்காலி காலியாகத்தான் இருக்கும். வாதம் சரி, ஆனால் முடிவு வேறு. தமிழ்நாட்டில் இன்று அநேகமாக எல்லா மாவட்டத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 2022 ஜனவரியில் மட்டும் 11 கல்லூரிகள் ஒரே நாளில் திறந்தார்கள். அந்தக் கல்லூரிகளில் மனநலத் துறைக்கு மேற்படிப்பு இடம் கொடுத்தால் டாக்டரும் கிடைப்பார், மாவட்டத்துக்கு வார்டும் கிடைக்கும், அதற்குப் புதுக் கோபுரம் கட்டவேண்டியதில்லை.

இன்சூரன்ஸ் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2018 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டது, அப்புறம் 2022 அக்டோபர் 31க்குள் எல்லாப் பாலிசியிலும் சேர்த்தாகவேண்டும் என்று கெடு வைத்தது. நல்லதுதான். ஆனால் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால் கிடைக்கிற பணம். எங்கள் முப்பது குடும்பத்தில் கடந்த வருடம் படுக்கையில் சேர்த்தது இரண்டு பேரை. மீதிப் பேருக்குச் செலவு என்பது மாத்திரை, பஸ், ரத்த டெஸ்ட், கூடப் போகிறவரின் ஒரு நாள் கூலி. இதில் எதையும் அந்த அட்டையைக் காட்டி வாங்க முடியாது. தம்பியிடம் சொன்னேன், அவருக்குக் கோபம். மாதச் சம்பளத்தோடு கம்பெனி பாலிசி வைத்திருப்பவர் கண்ணுக்கு அது பெரிதாகத் தெரிவது இயல்பு.

தொலைபேசிக்கு வருவோம். டெலி-மானஸை 2022 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவித்து, அதே வருடம் அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கினார்கள். 14416 என்ற எண். இருபது மொழிகளில் பேசலாம், இருபத்துநாலு மணி நேரமும், காசில்லாமல். தமிழ்நாட்டில் அதற்கு "நட்புடன் உங்களோடு" என்று பெயர் வைத்தார்கள், அரசுத் திட்டத்துக்கு இவ்வளவு நல்ல பெயர் அபூர்வம். 2025க்குள் நாடு முழுக்க இருபது லட்சம் அழைப்புகளைத் தாண்டிவிட்டது. பரீட்சை முடிவு வரும் வாரத்தில், ராத்திரி இரண்டு மணிக்கு, பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் பேச ஓர் ஆள் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. நானே ஒருமுறை கூப்பிட்டிருக்கிறேன், அக்காவுக்காக இல்லை, எனக்காக. கூப்பிடக்கூடாதா என்ன.

செலவும் குறைவு. ஆனால் ஒதுக்கீடு வருடா வருடம் இறங்குகிறது: 134 கோடி, அப்புறம் 90, 2025-26இல் 80க்கும் கொஞ்சம் கீழே. அழைப்பு ஏறிக்கொண்டே போக, பணம் இறங்கிக்கொண்டே வருவது விசித்திரமான கணக்கு. இருந்தும் மனுவில் இதை எழுதவேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். போன் எடுக்கிறவர் நன்றாகவே பேசுவார், கடைசியில் "உங்க மாவட்ட ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவுக்குப் போங்க" என்பார். அங்கே ஆள் இருந்தால்தானே அந்த வாக்கியத்துக்கு அர்த்தம்? ரிஸ்பெரிடோன் மாத்திரை போன் வழியாக வராது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பண்ணிய ஓர் ஏற்பாடு புதுக்கோட்டைப் பக்கம் நடந்தது. 2010இல் ஸ்கார்ஃப் ஒரு பஸ்ஸை ஊர் ஊராக ஓட்டியது. பஸ்ஸுக்குள் உட்கார்ந்தால் திரையில் சென்னை டாக்டர் பேசுவார், அவர் சொன்ன மருந்தை அதே பஸ்ஸில் கையில் கொடுப்பார்கள். தொலைவிலிருந்து பேசும் சேவையும் கையில் மாத்திரையும் ஒரே இடத்தில். இந்த யோசனை அரசுத் திட்டமாக ஏன் ஊரெங்கும் பரவவில்லை என்று எனக்கு இன்றுவரை ஆதங்கம்.

இனி மாவட்ட மனநலத் திட்டம். நான் எந்தக் கட்சி என்று இந்நேரம் தெரிந்திருக்கும்.

தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டருக்கும் செவிலியருக்கும் பயிற்சி கொடுத்தால் அடிப்படை மனநல வைத்தியத்தை அங்கேயே பார்க்கலாம் என்பதை நிம்ஹான்ஸ்காரர்கள் கர்நாடகத்துப் பெல்லாரியில் எண்பதுகளில் செய்து காட்டினார்கள். அதைப் பார்த்து 1996இல் நாட்டில் நாலே மாவட்டங்களில் மாவட்டத் திட்டத்தைத் தொடங்கினார்கள், நாலில் ஒன்று நம் திருச்சி. நாலு இன்று 767 ஆகிவிட்டது. ஒரு மனநல மருத்துவர், ஒரு உளவியலாளர், ஒரு சமூகப் பணியாளர், செவிலியர், மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் பத்துப் படுக்கை, தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு முறை வைத்துப் போய்ப் பார்ப்பது, இதுதான் அதன் எலும்புக்கூடு.

எலும்புக்கூடு என்று தெரிந்தேதான் சொல்கிறேன். பல இடங்களில் இந்த ஆட்கள் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள், தொகுப்பூதியம், வேறு வேலை கிடைத்ததும் போய்விடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நாங்கள் போகிற இடத்தில் இரண்டு வருடத்தில் மூன்று டாக்டர் மாறினார்கள். ஒவ்வொருவரும் "எப்ப ஆரம்பிச்சது?" என்பதிலிருந்து தொடங்குவார், அக்கா பதில் சொல்லமாட்டாள், நான் பதினாறு வருடக் கதையை ஐந்து நிமிடத்தில் சொல்லவேண்டும், பின்னால் நாற்பது பேர் நிற்பார்கள். ஒருமுறை தொடர்ந்து இரண்டு மாதம் அக்காவின் குளோசபின் மாத்திரை ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கச் சொன்னார்கள். குளோசபின் சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் வெள்ளணுக்களை எண்ணிக்கொண்டே இருக்கவேண்டும், மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. கடன் வாங்கித்தான் வாங்கினேன். வாங்க முடியாத ஒருவர் வீட்டில் என்ன நடந்தது என்பதை இங்கே எழுதவேண்டாம்.

இவ்வளவு ஓட்டை இருந்தும் ஏன் இதையே பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், அக்காவை இத்தனை வருடம் வீட்டில் வைத்திருந்தது இந்த ஓட்டைத் திட்டம்தான். இரண்டு பஸ், நாற்பது கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் அக்காவுக்கு டிக்கெட் இல்லை, எனக்கு உண்டு. காலை ஏழு மணிக்குக் கிளம்பி, ஓ.பி. சீட்டு போட்டு, மாத்திரையோடு இரண்டு மணிக்குத் திரும்பிவிடலாம். கீழ்ப்பாக்கம் என்றால் மாதம் இரண்டு நாள் போகும், அதற்குப் பிறகு ஒருநாள் போகாமலே நின்றுவிடுவோம். எங்கள் குழுவில் நோய் திரும்பி வந்த கதைகளில் பாதி, மருந்து வேலை செய்யாததால் வந்தவை அல்ல, போய்வர முடியாமல் நின்றதால் வந்தவை.

நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்தி 2016இல் வெளியிட்ட தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை என்கிறது. அதில் நோயைப் பொறுத்து நூற்றுக்கு எழுபது முதல் தொண்ணூறு பேர்வரை சிகிச்சையே பெறவில்லை. இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு ஒரு லட்சத்துக்கு முக்கால் டாக்டர் எப்படிப் போதும், போதவே போதாது. அதற்கும் வழி இருக்கிறது. கோவாவில் சங்கத் என்ற அமைப்பு, டாக்டருக்குப் படிக்காத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறேழு முறை உட்கார்ந்து பேசவைத்தது. பலன் கிடைக்கிறது என்பது 2017இல் முறையான ஆய்விலேயே தெரியவந்தது. எல்லாருக்கும் மனநல மருத்துவர் வேண்டியதில்லை. என் அக்காவுக்கு வேண்டும், பிள்ளை பெற்றபிறகு அழுதுகொண்டே இருக்கும் பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு முதலில் வேண்டியது உட்கார்ந்து பேச ஓர் ஆள்.

நம்மிடம் அப்படி வீட்டுக்கு வரும் ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. எங்கள் அம்மாவுக்கு வருகிறது. அதே வாசலில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கான மாத்திரை மட்டும் அந்தப் பையில் இல்லை, அதற்கு நாற்பது கிலோமீட்டர். டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கட்டும், நடுவில் இரண்டு மாதம் அந்தப் பையில் வரட்டும். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து மருந்தை மாவட்டக் கிடங்குக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. கிடங்கிலிருந்து வாசல்வரைதான் மிச்சம்.

இடையில் வேறொன்று. ஓய்வுபெற்ற வேளாண்மை அலுவலர் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார், மகனைத் தற்கொலையில் இழந்தவர். அவர் சொன்னது: "உங்க நாலு வழியையும்விடச் சல்லிசா ஒண்ணு இருக்கு, பூச்சிமருந்த நிறுத்துங்க." 2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள், மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். இலங்கையில் 1995இல் ஒரு லட்சத்துக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்துகொண்டே வந்தார்கள், இருபது வருடத்தில் அந்த எண்ணிக்கை எழுபது சதவீதம் அளவுக்குக் குறைந்துவிட்டது. மனநோய் குறைந்ததால் அல்ல, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த விஷம் குறைந்ததால். பூச்சிமருந்தை வீட்டில் பூட்டி வைக்கப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள், அது அங்கே பலன் தரவில்லை, தடைதான் தந்தது. இதற்குச் சுகாதாரத் துறைப் பணம் ஒரு ரூபாயும் வேண்டாம். அதனாலேயே எங்கள் மனுவில் சேராது. அவர் தனியாகக் கலெக்டருக்கு எழுதுகிறார், நாங்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

இப்போது அந்த அம்மா கேட்டது. "எனக்கப்புறம் அவன யாரு பாப்பா?"

மகனுக்கு நாற்பத்தெட்டு வயது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார், அமைதியாக இருக்கிறார், தனியாகச் சமைக்கவோ பணத்தை எண்ணவோ முடியாது. மாவட்டத் திட்டம் எவ்வளவு நன்றாக ஓடினாலும் இந்தக் கேள்விக்குப் பதில் தராது. பதில் இல்லாத வீடுகள் முன்பு எங்கே போயின என்பது நம் மாவட்டங்களுக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். அவர்களைக் கொண்டுவிட்டவர்கள் எல்லாரும் கொடியவர்கள் இல்லை, பாதிப் பேர் இந்த அம்மா மாதிரி வேறு வழி தெரியாதவர்கள்.

பான்யன் அமைப்பு செய்வது போல, ஊருக்குள்ளேயே வாடகை வீடு எடுத்து நாலைந்து பேர் சேர்ந்து வாழ, கூட ஓர் உதவியாள் இருக்கிற ஏற்பாடு இதற்குச் சரியான விடை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவும், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் முன் தங்கும் பாதி வழி இல்லங்கள், ஆதரவோடு வாழும் வீடுகள் எல்லாவற்றையும் அரசின் பொறுப்பு என்றே சொல்கிறது. அதே பிரிவில் எங்களுக்கு இன்னும் வேண்டியது இருக்கிறது: அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்தை அரசு நிலையங்களில் இலவசமாகத் தரவேண்டும், குறைந்தபட்சச் சேவை மாவட்டத்தில் இல்லையென்றால் அந்த மாவட்டத்தில் வேறிடத்தில் பார்த்த செலவை அரசே ஏற்கவேண்டும். 2018 மே 29 முதல் அமலில் இருக்கிற சட்டம். நான் வெளியே வாங்கிய குளோசபின் பில்லை இன்னும் வைத்திருக்கிறேன்.

வீடுகளா, மாவட்டத் திட்டமா என்பதில்தான் எனக்கே இரண்டு மனம். வீட்டுக்கு ஆளுக்கு மாதச் செலவு அதிகம், ஒரு மாவட்டத்தில் அது ஐம்பது, நூறு பேருக்கு உதவும். அதே பணத்தில் தாலுகா கிளினிக் நடத்தினால் ஆயிரக்கணக்கானவருக்கு மாத்திரை. ஆனால் அந்த நூறு பேருக்கு மாற்றே கிடையாது. இந்த ஆயிரம் பேரில் சிலருக்காவது கடனோ உடனோ வாங்கிச் சமாளிக்க வழி இருக்கிறது. இரண்டு இரவு யோசித்தேன். கடைசியில் நான் மாவட்டத் திட்டத்தின் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் எண்ணிக்கை அல்ல. அந்த வீட்டில் இருப்பவர்களும் மாதாமாதம் மாத்திரைக்கு அதே ஓ.பி.க்குத்தான் வரவேண்டும். டாக்டர் இல்லாத மாவட்டத்தில் வீடு எடுத்து வைத்தால் நாளடைவில் அதுவும் ஒரு சின்ன ஏர்வாடி ஆகிவிடுமோ என்ற பயம்.

போன ஞாயிறு கை தூக்கச் சொன்னோம். மாவட்டத் திட்டத்துக்கு 17, வீடுகளுக்கு 9, பெரிய ஆஸ்பத்திரிக்கு 4, போனுக்கு 2. இன்சூரன்ஸ் தம்பி வரவில்லை. எழுதிய வரி இது: "எங்கள் மாவட்ட மனநலத் திட்டத்தின் காலிப் பணியிடங்களை நிரந்தர ஊழியர்களைக் கொண்டு நிரப்பி, ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் மனநலப் பிரிவு நடத்தி, ஒரு மாத மருந்து தடையின்றி வழங்க நிதி ஒதுக்கி, செலவான தொகையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுத்தில் தெரிவிக்கவேண்டும்." ஒரு வரிதான், இலக்கணப்படி. அலுவலகக்காரர் எண்ணிப் பார்த்தால் நாலு கோரிக்கை இருக்கும், பார்க்கட்டும்.

அந்த அம்மா வீடுகளுக்குக் கை தூக்கினார். மனுவில் கையெழுத்தும் போட்டார். போட்டுவிட்டு, "அடுத்த வருஷம் என்னோடத எழுதுங்கப்பா, நான் இருந்தா" என்றார். யாரும் எதுவும் பேசவில்லை, டீ வந்துவிட்டது.

திங்கட்கிழமை மனு கொடுக்கிறோம். செவ்வாய் அக்காவுக்கு மாத்திரை நாள், புது டாக்டர் வந்திருக்கிறாராம், பழைய சீட்டையெல்லாம் தேடி எடுத்து வைக்கவேண்டும்.